வெளியில் உட்கார்ந்து வரையவும் குறிப்பெடுக்கவும் ரக்கட் டேப்லெட் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழவேற்காட்டில் பறவை வரைகிறவர்கள், மலைக்காட்டில் செடி வரைகிறவர்கள், அகழாய்வுக் குழிக்குள் மண்ணடுக்கு வரைகிறவர்கள், கோயில் மண்டபங்களை அளந்து வரையும் கட்டடக்கலை மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கருவிதான் தேவைப்படுகிறது. வெயில், மழை, தூசி எதற்கும் அசராத, பேனாவால் எழுதக்கூடிய டேப்லெட். இப்படி உறுதியாகச் செய்யப்பட்டவற்றைத்தான் ரக்கட் டேப்லெட் என்கிறார்கள். தேவைப்பட்டால் விசைப்பலகை மாட்டி மடிக்கணினியாகவும் பயன்படுத்த வேண்டும்.

முதன்முறை வாங்குகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, “தண்ணீர் பட்டால் தாங்குமா, கீழே விழுந்தால் உடையுமா?” என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. உறுதி போதவில்லை என்றால் நல்ல உறையும் நீர்புகாப் பையும் வாங்கிப் பெருமளவு சரிசெய்துவிடலாம். திரைக்கு அடியில் இருக்கும் பேனாத் தொழில்நுட்பத்தையோ திரையின் வெளிச்சத்தையோ வாங்கிய பிறகு மாற்ற முடியாது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை இது: வேலை, இயங்குதளம், பேனா, திரை, வெப்பம், மின்சாரம், எடை, அதற்கப்புறம்தான் உறுதி.

1. கடைக்குப் போகும் முன் வேலையைத் தாளில் எழுதுங்கள்

நின்றுகொண்டு வரைவீர்களா, உட்கார்ந்தா? நிழல் கிடைக்கும் இடமா, வெட்டவெளியா? மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்? படப்போவது மழைநீரா, உப்புநீரா? குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்வீர்களா, கையால் எழுதுவீர்களா? கோட்டோவியம் போதுமா, வண்ணமும் வேண்டுமா?

இவற்றுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். மாடல்களைப் பார்க்க ஆரம்பித்தவுடன் எல்லாமே வேண்டும் என்று தோன்றும். அப்போது இந்தத் தாள்தான் உங்களைப் பிடித்து நிறுத்தும். குழிக்குள் நின்று வரைகிறவருக்கு ஒன்றரைக் கிலோ ஆகாது. முக்காலியில் உட்கார்ந்து மண்டபம் வரைகிறவருக்கு அது பொருட்டில்லை.

கூடவே கொஞ்சம் பொருட்களையும் எடுத்துவையுங்கள்: ஒரு நேரான அளவுகோல், உங்கள் குளிர்கண்ணாடி, ஈரத் திரையில் பேனாவைச் சோதிக்க ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பி, வழக்கமாகத் தோளில் போடும் பை. சோதிக்க இவை போதும்.

2. விண்டோஸா, ஆண்ட்ராய்டா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

எடை, வெப்பம், விலை மூன்றும் இந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்து வருகின்றன. அதனால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

பானசோனிக் டஃப்புக், டெல் லாட்டிட்யூட் ரக்கட், கெட்டாக் ஆகியவற்றின் டேப்லெட்டுகள் பெரும்பாலும் விண்டோஸில் ஓடுபவை. 10 முதல் 12 அங்குலத் திரை. பெரியவை ஒன்றே கால் கிலோவில் தொடங்கும், விசைப்பலகை சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஆண்ட்ராய்டு பக்கம் சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ் வரிசை இருக்கிறது. 10.1 அங்குல ஆக்டிவ்4 ப்ரோ ஏறக்குறைய 675 கிராம்தான்.

களத்தில் நின்றபடியே கட்டட வரைபடங்களுக்கான முழு ஆட்டோகேட் அல்லது நில வரைபடங்களுக்கான கணினி மென்பொருள் க்யூஜிஐஎஸ் திறக்க வேண்டும் என்றால் விண்டோஸ் வாங்குங்கள். வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறிப்பு எழுதினால் போதும் என்றால் ஆண்ட்ராய்டில் க்யூஃபீல்ட் இருக்கிறது. வரைய க்ரிட்டா இரண்டிலும் கிடைக்கிறது, இலவசம். ‘என்றைக்காவது தேவைப்படலாம்’ என்பதற்காக விண்டோஸ் வாங்கியவர்கள், ஒரு கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு நோட்டுப் புத்தகத்தில் வரைவதைப் பார்த்திருக்கிறேன். அலுவலக மென்பொருளை வீட்டுக் கணினிக்கு விட்டுவிடுங்கள்.

மின்தாள் திரை கொண்ட ரீமார்க்கபிள், பூக்ஸ், கிண்டில் ஸ்க்ரைப் போன்றவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். வெயிலில் காகிதம் போலப் படிக்கலாம், எழுத அருமையானவை. ஆனால் அவை மழைக்கும் அடிக்கும் செய்யப்பட்டவை அல்ல. எழுத்துக் குறிப்பு மட்டும் எடுப்பவருக்கு, நல்ல உறையோடு, பொருந்தலாம்.

3. பேனா: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

விரலுக்குப் பதில் ரப்பர் முனைக் குச்சியால் தொடுவது பேனா ஆகாது. அழுத்தம் உணரும் பேனா வேலைசெய்ய, திரைக்குள் அதற்கென்று டிஜிட்டைசர் என்ற அடுக்கோ சுற்றோ இருக்க வேண்டும். ரக்கட் டேப்லெட்டுகளில் பல மாடல்களுக்கு இது விருப்பத் தேர்வு. ஒரே மாடல் எண்ணில் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

விண்டோஸ் கருவி என்றால் சோதிப்பது எளிது. அமைப்புகளைத் திறந்து சிஸ்டம், அபவுட் பக்கத்துக்குப் போங்கள். ‘பென் அண்ட் டச்’ என்ற வரியில் பேனாவுக்கும் தொடுதலுக்கும் ஆதரவு உண்டு என்று போட்டிருக்க வேண்டும். தொடுதல் மட்டும் இருந்தால் அந்தக் கருவியை மேசையில் வைத்துவிட்டு நகருங்கள். விற்பவர் “வேறு பேனா வாங்கினால் சரியாகிவிடும்” என்பார். ஆகாது.

அடுத்து, எந்த வகைப் பேனா என்று பாருங்கள். வாக்கம் நிறுவனத்தின் இஎம்ஆர் முறையில் பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியில் உள்ள பலகை காந்தப்புலத்தின் வழியாக அதற்கு ஆற்றல் தருகிறது. சாம்சங்கின் எஸ் பென்னும் இதே முறைதான். மற்றொரு வகை, பேட்டரி உள்ள மின்தேக்கு முறைப் பேனாக்கள். விரல் தொடுதலைத் திரை உணரும் அதே முறைதான் இது. மைக்ரோசாஃப்ட்டின் எம்பிபி, வாக்கமின் ஏஇஎஸ் இரண்டும் இதில் அடங்கும்.

வெளிவேலைக்கு நான் இஎம்ஆரையே சொல்வேன். காட்டுக்குள் பேனாவின் பேட்டரி தீர்ந்துபோகும் கவலை இல்லை. திரையில் மழைத்துளி கிடந்தாலும் காந்தப்புலம் அதைப் பொருட்படுத்தாது. விரல் தொடுதலை அணைத்துவிட்டால் ஈரத் திரையிலும் கோடு ஒழுங்காக வரும். மின்தேக்கு முறையில் தண்ணீரே விரல் போல உணரப்பட்டு, திரை தானாகக் குதிக்கும்.

இஎம்ஆருக்கும் ஒரு பலவீனம் உண்டு: காந்தம். காந்தப் பூட்டு வைத்த உறையைப் பின்னால் மடித்தால், அந்த இடத்தில் கோடு விலகும் அல்லது வராமலே போகும். “டிஜிட்டைசர் கெட்டுவிட்டது” என்று கொண்டுவருபவர்களின் உறையை முதலில் கழற்றிப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் நான்கு சோதனைகள். அளவுகோலை வைத்துச் சாய்வாக, மெதுவாக ஒரு கோடு போடுங்கள். மெதுவாகப் போடுவதுதான் முக்கியம், வேகக் கோட்டில் குறை தெரியாது. பாம்பு போல நெளிந்தால் அளவெடுத்த வரைபடத்துக்கு அது உதவாது. அடுத்து, நான்கு மூலைகளிலும் சின்ன வட்டம் போடுங்கள். பழைய கருவிகளில் விளிம்பில் முனை ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமும் போகும். மூன்றாவது, பேனாவைத் தன் எடையில் மட்டும் ஊன்றி இழுத்துப் பாருங்கள். கோடு வரத் தொடங்கவே அழுத்தம் தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் விரல் வலிக்கும். கடைசியாக, உள்ளங்கையைத் திரையில் முழுதாக வைத்து ஒரு பத்தி தமிழில் எழுதுங்கள். ‘ணை’, ‘ழி’, ‘ஞ்’ போன்ற சுழிகளும் புள்ளிகளும் வேகத்திலும் தப்பாமல் விழ வேண்டும். ஆங்கிலத்தில் பெயரைக் கிறுக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கையெழுத்தைத் தட்டச்சாக மாற்ற வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் கையெழுத்து உள்ளீடு தமிழுக்கு வேலைசெய்கிறது. மற்ற செயலிகளின் விளம்பரத்தில் ‘கையெழுத்தைப் புரிந்துகொள்ளும்’ என்று இருந்தால் தமிழில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

4. திரை: எண்ணைப் பார்க்காமல் வாசலுக்கு எடுத்துப் போங்கள்

ஏன் சாதாரணத் திரை வெளியில் தோற்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸிலும், அந்தப் பரப்பு கண்ணுக்குக் காட்டும் பிரகாசத்தை நிட்ஸிலும் அளப்பார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதில் வெள்ளைத் தாள் 25,000 நிட்ஸ் அளவுக்குப் பிரகாசிக்கும். வழக்கமான மடிக்கணினித் திரை 250 முதல் 300 நிட்ஸ். ரக்கட் டேப்லெட்டுகளில் சிறந்தவை 1,000 முதல் 1,200 நிட்ஸ்.

அதாவது, நேர் வெயிலில் எந்தத் திரையும் தாளுக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படி வரும் என்று நினைத்து வாங்காதீர்கள். மர நிழலில் வெளிச்சம் 10,000 லக்ஸ் அளவுக்கு இறங்கும், தாளின் பிரகாசமும் 2,500 நிட்ஸுக்கு வந்துவிடும். அங்கே 1,000 நிட்ஸ் திரையில் நிம்மதியாக வரையலாம், 300 நிட்ஸ் திரையில் கண் சுருங்கும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் நிழலிலும் மேகமூட்டத்திலும் வரைவதற்காகத்தான்.

நிட்ஸைவிட நான் அதிகம் பார்ப்பது பிரதிபலிப்பை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் காற்று இருந்தால் இப்படிப்பட்ட பரப்புகள் கூடும். அந்த இடைவெளியைத் தெளிவான பசையால் நிரப்புவதுதான் ஆப்டிக்கல் பாண்டிங். அப்படிச் செய்த திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும், உள்ளே ஈரம் படிய இடமும் இருக்காது. பேனா முனைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். வரைகிறவருக்கு இது கூடுதல் லாபம்.

சோதிக்கும் முறை: கருவியை அணையுங்கள். வாசலுக்கு எடுத்துப் போய், வானம் திரையில் தெரியும்படி பிடியுங்கள். அணைத்த திரை சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரிந்தால், அந்த வெளுப்பு உங்கள் படத்தின் மேலும் அப்படியே படரும். பிறகு இயக்கி, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, வெள்ளைப் பக்கத்தில் மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். கை நீட்டும் தூரத்தில் அது தெரிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வெளியே விடமாட்டேன் என்றால் கண்ணாடிக் கதவுப் பக்கமாவது போங்கள்.

குளிர்கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே திரையை நெடுக்காகவும் குறுக்காகவும் திருப்பிப் பாருங்கள். துருவமுனைப்புக் (போலரைஸ்டு) கண்ணாடியில் சில திரைகள் ஒரு திசையில் முழுக் கறுப்பாகிவிடும்.

மேலே ஒட்டும் மேட் தாள் பேனாவுக்குத் தாள் போன்ற பிடிப்பைத் தரும், முகம் தெரிவதும் குறையும். ஆனால் வெயில் அதில் பரவிப் படத்தைச் சற்றுப் புகைமூட்டமாக்கும். நிழலில் உட்கார்பவருக்குச் சரி, வெட்டவெளியில் நிற்பவருக்கு வேண்டாம்.

5. வெப்பம்: நம் ஊருக்கு இது தூசியைவிடப் பெரிய எதிரி

ஐபேட், சர்ஃபேஸ் போன்ற பொதுக் கருவிகளுக்கு, இயங்கும்போது சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான் இருக்கலாம் என்று அவற்றின் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் அது காலையிலேயே தாண்டிவிடும். வெயில் நேராகப் படும் கறுப்பு உடல் அதைவிட இன்னும் சூடேறும்.

சூடேறினால் கருவி உடனே அணைந்துவிடாது. முதலில் திரையின் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும், அதுவும் உங்களுக்கு வெளிச்சம் அதிகம் தேவைப்படும் நேரத்தில். அப்புறம் பேனா தாமதிக்கும். கடைசியில்தான் எச்சரிக்கை காட்டி நிற்கும். எனவே விவரக்குறிப்பில் இயங்கு வெப்பநிலையைத் தேடிப் படியுங்கள். முழு ரக்கட் விண்டோஸ் டேப்லெட்டுகளில் அது 60 டிகிரி அளவுக்குப் போகும். அந்த எண்ணைக் குறிப்பிடாத மாடலைச் சந்தேகியுங்கள்.

லித்தியம் பேட்டரிகளைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்ய விடமாட்டார்கள். வெயிலில் வரைந்துகொண்டே பவர்பேங்கில் மாட்டினால் சார்ஜ் ஏறாமல் போவதற்கு இதுவே காரணம், கருவியில் பழுதில்லை. நிழலுக்கு எடுத்துப் போய் ஆறவிட்டு மாட்டுங்கள். நிறுத்திய காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள்.

6. மின்சாரம்: கழற்றி மாட்டும் பேட்டரியா?

வெளிச்சத்தை முழுதாக வைத்தால் அறிவித்த பேட்டரி நேரம் பாதியாகவே குறையலாம். 10 மணி நேரம் என்று போட்டிருந்தால் களத்தில் 5 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீறினால் நல்லது.

கழற்றக்கூடிய பேட்டரி இருந்தால் அதற்கே முதலிடம். பேட்டரிதான் கருவியில் முதலில் மூப்படையும் பகுதி. மூன்று வருடம் கழித்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம். டஃப்புக் சிஎஃப்-33 போன்றவற்றில் இரண்டு பேட்டரிகள் இருப்பதால், அணைக்காமலே ஒவ்வொன்றாக மாற்றலாம்.

யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்பதைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். பழைய ரக்கட் கருவிகள் பலவற்றுக்கு உருளை முனை அடாப்டர் மட்டும்தான், பவர்பேங்க் பயன்படாது. 20,000 எம்ஏஎச் பவர்பேங்க்கில் 74 வாட்-மணி இருக்கிறது. இழப்புப் போக 55 அளவு கைக்கு வரும். ஆக்டிவ்4 ப்ரோவின் 7,600 எம்ஏஎச் பேட்டரியை அதால் ஏறக்குறைய இரண்டு முறை நிரப்பலாம். விண்டோஸ் டேப்லெட்டுக்கு 45 அல்லது 65 வாட் தரும் பவர்பேங்க் தேவை, போனுக்கு வாங்கியது போதாது.

7. எடை: கால் மணி நேரம் பிடித்துப் பாருங்கள்

கடையில் எல்லாமே இலேசாகத்தான் இருக்கும். இடது முன்கையில் தாங்கி, வலது கையால் வரைந்தபடி கால் மணி நேரம் நில்லுங்கள். 700 கிராம் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். ஒரு கிலோவைத் தாண்டினால் கைப்பட்டையும் தோள்பட்டையும் இல்லாமல் நின்று வரைய முடியாது. பின்புறம் சுழலும் கைப்பட்டை மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பேனாவைக் கட்டிவைக்கக் கயிற்றுத் துளையும் வேண்டும். களத்தில் அதிகம் தொலைவது பேனாதான்.

8. இப்போது உறுதி: எண்களைச் சரியாகப் படியுங்கள்

விவரக்குறிப்பில் ஐபி65 என்பது போல வரும் ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி புகாது. தண்ணீரில் 5 என்றால் குழாய்முனைப் பீச்சைத் தாங்கும், 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், 8 என்றால் தயாரிப்பாளர் சொல்லும் அதைவிடக் கடுமையான மூழ்கல். மூழ்கலைத் தாங்குவது பீச்சையும் தாங்கும் என்று பொருளில்லை, இரண்டும் தனித்தனிச் சோதனைகள். மழைக்கு ஐபி65 தாராளம். படகில் போகிறவர் 67 அல்லது 68 பார்க்கலாம்.

இந்தச் சோதனைகள் நன்னீரில் நடப்பவை. பழவேற்காடு, கோடியக்கரை போன்ற உப்புநீர்ப் பகுதிகளுக்கு அந்த எண் உத்தரவாதம் இல்லை. துளைகளை மூடும் ரப்பர் மூடிகள் திறந்திருந்தால் எந்த எண்ணும் பொருந்தாது. மூடி தளர்ந்த பழைய கருவியை நீர்புகாதது என்று நம்பக்கூடாது.

எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்பது 2019இல் வந்த அமெரிக்க இராணுவச் சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனைகளைச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம், முத்திரை குத்தித் தரும் அமைப்பு எதுவும் இல்லை. எனவே பெயரை மட்டும் பார்க்காமல் எந்த முறைகள் என்று கேளுங்கள்: 501 வெப்பம், 506 மழை, 509 உப்பு மூடுபனி, 510 தூசி, 516 அதிர்ச்சியும் வீழ்ச்சியும். வழக்கமான வீழ்ச்சிச் சோதனை 122 சென்டிமீட்டரிலிருந்து 26 முறை, ஒட்டுப்பலகையின் மேல். அந்த 26ஐ ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளவும் இடமுண்டு. கூரான பாறை முனையில் திரை குப்புற விழுவது இதில் சேராது.

9. பழையது வாங்குவதாக இருந்தால்

புதிய ரக்கட் கருவிகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கு விற்கப்படுபவை, விலையும் அதற்கேற்றபடிதான். ஆகவே பலர் நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய கருவிகளைத் தேடுகிறார்கள். நல்ல வழிதான், நான்கைந்து விஷயங்களைப் பார்த்துவிட்டால்.

பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். அடுத்து, செயலியின் தலைமுறை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓட, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை வேண்டும். டஃப்புக் சிஎஃப்-19 முழுவதும், சிஎஃப்-33இன் முதல் பதிப்பும் அதற்குக் கீழே நிற்பவை. அவற்றில் லினக்ஸ் போட்டு, வரைய க்ரிட்டாவும் குறிப்பெடுக்க ஜோர்னல்++உம் பயன்படுத்தலாம். வாக்கம் பேனாக்கள் லினக்ஸில் நன்றாகவே வேலைசெய்யும்.

விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைப்புக் கொள்ளளவோடு இப்போதைய முழுக் கொள்ளளவை ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். அந்த மாடலுக்கு பேனா தனியாகக் கிடைக்கிறதா என்பதையும் முன்பே விசாரியுங்கள். பொருந்தும் பேனா கையில் இல்லாமல் டிஜிட்டைசர் சரியாகக் கோடு போடுகிறதா என்று சோதிக்க வழியே இல்லை.

10. முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

விரல் தொடுதலை ஒரே பொத்தானில் அணைக்கும்படி அமையுங்கள். மழையில் இதுவே கைகொடுக்கும். சில ரக்கட் கருவிகளில் மழை, கையுறை, பேனா என்று தனித்தனி நிலைகள் உண்டு. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றப் பழகுங்கள்.

வெளியில் கறுப்புப் பின்னணி வேண்டாம். கறுப்பில்தான் வானமும் முகமும் தெரியும். வெள்ளைப் பக்கம், தடித்த கறுப்புக் கோடு, பெரிய பொத்தான்கள் என்று வையுங்கள்.

வெயிலில் திரை மங்கித் தெரிவதால் கை தானாக வெளிர் நிறங்களை எடுக்கும். வீட்டில் திறந்தால் படம் வெளுத்திருக்கும். எனவே களத்தில் நிறத்தைக் கண்ணால் தீர்மானிக்காமல், முன்பே வீட்டில் தயாரித்த நிறக்கட்டங்களிலிருந்து எடுங்கள். பக்கத்தில் ‘அலகு நுனி கருஞ்சிவப்பு’ என்பது போல ஒரு வரியும் எழுதிவிடுங்கள்.

கோப்புகளைத் தானாகச் சேமிக்கும் இடைவெளியை இரண்டு நிமிடமாக்குங்கள். வெப்பத்தில் கருவி நின்றாலும் இழப்பு அவ்வளவோடு போகும்.

குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ புழுக்கத்துக்குள் எடுத்தவுடன் திரையில் பனி படியும். பையிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து, பிறகு எடுங்கள். துளை மூடிகளை அதுவரை திறக்காதீர்கள்.

கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்று, மூடிகளை மூடியபடியே நன்னீரில் நனைத்த துணியால் உடலையும் பேனாவையும் துடையுங்கள். உலர்ந்த துணியால் ஈரம் போக்கி, நிழலில் காற்றாட வைத்து, நன்றாகக் காய்ந்தபின் மூடிகளைத் திறந்து கோப்புகளை வேறொரு வட்டுக்குப் படியெடுங்கள். சார்ஜரை அதற்கப்புறம் மாட்டுங்கள்.